இருபத்தொன்பதாவது ஆள்

தேங்னாபூரில் நாற்பத்து மூன்று வீடுகள். கடைசி வீடு லௌட்டனுடையது. அதற்கப்புறம் அவனுடைய கடுகு வயல், அதற்கப்புறம் ஆறு. போன மழைக்காலத்தில் ஆறு வயலில் பாதியை விழுங்கிவிட்டு ஏப்பம்கூட விடாமல் திரும்பிப் போயிருந்தது. மீதி எவ்வளவு என்று மாக் மாதம் முதல் தேதி காலையில், குளித்த ஈரக் காலோடு லௌட்டன் அளந்து பார்த்தான். வாசலிலிருந்து கரை விளிம்பு வரை அறுபத்திரண்டு அடி வந்தது. அடுத்த மழைக்கு இது தாங்காது என்று சொல்ல இஞ்சினியர் யாரும் வரவேண்டியதில்லை.

லௌட்டன் பயப்படவில்லை. ஊரில் பட்கர் இருக்கும்போது என்ன பயம்? பட்கர் என்றால் பெரிய வீடு என்று அர்த்தம், ஊர்த்தலைவரைத்தான் அப்படிச் சொல்வார்கள். மாக் முதல் தேதி, மாகித் திருநாளன்று, வீட்டுக்கு ஒரு தலைவர் வந்து உட்கார்ந்து, பன்றிக்கறியும் அரிசிமாவை உருட்டி ஆவியில் வேகவைத்த டிக்ரியும் தின்று, அரிசிக் கள் குடித்து, ஒருவரை ஒருவர் கொஞ்சம் திட்டிக்கொண்டு, அந்த வருடத்துக்கு ஒரு பட்கரைத் தேர்ந்தெடுப்பார்கள். வாய்க்கால் தூர்ந்தாலும் பாலம் உடைந்தாலும் பட்கர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஊர்க்காவல் சௌகிதார் மாங்ரே சாயங்காலம் தெருத் தெருவாக நடந்து, "நாளைக்குப் பேகாரி! வீட்டுக்கு ஒரு ஆளு! மண்வெட்டி!" என்று கூவுவான். விடிந்தால் நாற்பத்து மூன்று மண்வெட்டிகள் நிற்கும். வராத வீட்டுக்குத் தண்டம் ஒரு கோழி. இதற்கெல்லாம் புத்தகம் கிடையாது. அதனாலோ என்னவோ வேலை நடந்துகொண்டிருந்தது.

அந்த வருடம் புத்தகம் வந்தது.

கொண்டுவந்தவர் நகராட்சியின் பாரம்பரியத் தலைமை வலுவூட்டல் பிரிவின் அதிகாரி டில்லி சார். டில்லி அவருடைய பெயர், ஊரல்ல. நல்ல மனிதர். குரலை உயர்த்தமாட்டார், யார் டிக்ரி கொடுத்தாலும் மறுக்கமாட்டார். அந்த வருடமும் ஜோகன்தான் பட்கர் என்று ஊர் முடிவு செய்த கையோடு, அவர் ஜோகனுக்கு ஒரு மஞ்சள் தலைப்பாகை கட்டினார். கழுத்தில் படம் போட்ட அடையாள அட்டையை மாட்டினார். கையில் ஒரு ரப்பர் முத்திரையைக் கொடுத்தார். கடைசியாக இருபத்தேழு பக்கச் செயல்முறை விதிகள். ஜோகனுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் வரும் என்பதால் புத்தகத்தை அவருடைய அக்கா மகன் ரேஷ்லால் வாங்கிக்கொண்டான். பன்னிரண்டாவது வரை படித்தவன். அன்றிலிருந்து அவன்தான் ஊருக்கு எழுத்தர்.

டில்லி சார் பேசினார். "உங்கள் மரபு ஆயிரம் ஆண்டுப் பழமை கொண்டது. உலகமே இதைப் பார்த்து வியக்கிறது. இதில் ஒரு துரும்புகூட அசையக் கூடாது. அப்படியே காப்பாற்ற வேண்டும் என்பதற்காகத்தான் இதில் எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறோம்."

எல்லாரும் கை தட்டினார்கள். லௌட்டனும் தட்டினான். தட்டி முடித்து எழுந்து நின்றான்.

"பட்கரே, ஆறு என் வாசலுக்கு அறுபத்திரண்டு அடியில நிக்குது. மழைக்கு இன்னும் அஞ்சு மாசம் இருக்கு. மூணு நாள் பேகாரி போட்டா மூங்கில் கூடு கட்டி, கல்லு ரொப்பி, கரைக்கு முட்டுக் குடுத்துரலாம். மூங்கில் என்னோடது."

"அதுக்கென்ன லௌட்டா," என்று ஜோகன் வாயைத் திறந்தார். டில்லி சார் அவர் முழங்கையைத் தொட்டார்.

"இவர் என்ன வார்த்தை சொன்னார்?"

"மூங்கில் கூடுங்க சார்," என்றான் லௌட்டன்.

"அதுக்கு முன்னாடி."

"மூணு நாள்."

"ரெண்டுக்கும் நடுவுல."

"பேகாரி."

டில்லி சார் கண்ணை மூடித் திறந்தார். பெண்கள் இருக்கிற இடத்தில் யாரோ கெட்ட வார்த்தை பேசிவிட்ட மாதிரி இருந்தது அவர் முகம். "அந்த வார்த்தை இனி இங்க வரக் கூடாது. பேகாரின்னா கூலி இல்லாத கட்டாய வேலை. உங்க தாத்தாமாருகிட்ட ஜமீன்தாருங்க முதுகுத்தோல் உரிய வாங்கின வேலை. சட்டம் அதை ஒழிச்சிருச்சு."

"இது எங்க வாய்க்காலுக்கு நாங்களே போறது சார்," என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள்.

"போகலைன்னா?"

"கோழி."

"பார்த்தீங்களா!" என்றார் டில்லி சார், திருடனைப் பிடித்தவரைப் போல.

ஆக, ஒரு தீர்மானம் ஆயிற்று. பேகாரி என்ற பழைய மரபைக் காப்பாற்றுவதற்காக, பேகாரிக்கு வேறு பெயர் வைப்பது. அதற்கு ஏழு பேர் கொண்ட குழு. கோழித் தண்டம் ரத்து. இனி வேலைக்கு வருகிற ஒவ்வொருவரும் 'யாருடைய கட்டாயமும் இல்லாமல் என் சொந்த விருப்பத்தின் பேரில் வருகிறேன்' என்று படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். போட மறுத்தால் வேலைக்குச் சேர்க்கக் கூடாது. போடச் சொல்லி வற்புறுத்தினால் பட்கர் மேல் வழக்கு.

லௌட்டனுக்கு இதில் பாதிதான் புரிந்தது. புரிந்த பாதியை நம்பி வீட்டுக்குப் போய், தன் புதரில் இருந்த எண்பது மூங்கிலையும் வெட்டிக் கழித்துக் கரையோரம் அடுக்கி வைத்தான். பெயர் வைக்க எத்தனை நாள் ஆகிவிடப் போகிறது, பிள்ளைக்கே ஆறு நாளில் வைக்கிறோம் என்று அவன் மனைவி சுக்னியும் சொன்னாள்.

பாகுன் மாதம் முதல் கூட்டம் நடந்தது. புது விதிப்படி மூன்றில் இரண்டு பங்கு வீட்டுத்தலைவர்கள் இருந்தால்தான் கூட்டம் கூட்டமாகும். இல்லாவிட்டால் அது வெறும் உட்கார்ந்திருத்தல். அந்த எண்ணிக்கைக்குக் கோரம் என்று பெயர். ரேஷ்லால் கைப்பேசியில் கணக்குப் போட்டான். நாற்பத்து மூன்றில் மூன்றில் இரண்டு, இருபத்தெட்டு ஆளும் இன்னும் முக்கால் ஆளுக்குக் கொஞ்சம் குறைவும் வந்தது. முக்கால் ஆளை எங்கே தேடுவது? முழுதாகவே இருக்கட்டும் என்று இருபத்தொன்பது என முடிவு செய்தார்கள்.

ஊரில் பதினாலு வீட்டுத்தலைவர்கள் கத்தாரிலும் மலேசியாவிலும் கிடந்தார்கள். மீதி இருபத்தொன்பது பேரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். லௌட்டன் மனதுக்குள் பூமித் தாயைக் கும்பிட்டான்.

"இருபத்தெட்டு," என்றான் ரேஷ்லால்.

"என்னை எண்ணலையே தம்பி."

"நீ விண்ணப்பதாரர், சித்தப்பா. உன் காரியத்துக்கு நீயே தலை எண்ணிக்கையில வந்தா அது சுயநலம். ஒன்பதாவது பக்கம்."

"அப்போ ஒரு ஆள் குறையுதா?"

"ஆமா. கோரம் இல்ல."

பெண்கள் பக்கத்திலிருந்து சுக்னி எழுந்தாள். அவள் நாக்கு ஊரறிந்த நாக்கு. "இன்னும் என்ன கோரம் வேணுமாம் உங்களுக்கு? ஆறு வாசல்ல நிக்கிறது பத்தலையா? பதினாலு வீட்டுலயும் ஆம்பள இல்ல, பொம்பள இருக்காளே. ஒருத்தியை எண்ணு!"

ஜோகன் சங்கடத்தோடு தலைப்பாகையைச் சரி செய்தார். "பொம்பளைங்க மண்ணு சுமக்கலாம் சுக்னி. எத்தனை கூடை வேணும்னாலும் சுமக்கலாம். தலைன்னு எண்ண முடியாது. மரபு அப்படி."

"சார், நீங்க சொல்லுங்க!"

டில்லி சார் இரண்டு கையையும் அகல விரித்தார். "அம்மா, மரபில் தலையிட எங்களுக்கு அதிகாரம் இல்லை."

"பேரை மாத்தத் தெரிஞ்சுது, கோழியை நிறுத்தத் தெரிஞ்சுது, இதுல மட்டும் கை கூசுதோ?" என்றாள் சுக்னி. அவள் சொன்னதை ரேஷ்லால் எழுதிக்கொள்ளவில்லை. தலை இல்லாதவள் பேச்சை எந்தப் பத்தியில் எழுதுவது என்று விதியில் இல்லை.

அடுத்த கூட்டத்துக்கு மலேசியாவிலிருந்து ஒரு வீட்டுத்தலைவரைக் கைப்பேசியில் கூப்பிட்டார்கள். படத்தோடு வந்தார். கைப்பேசியை ஒரு முக்காலியில் சாய்த்து வைத்ததும் ஊரே எட்டிப் பார்த்து நலம் விசாரித்தது. விதியில் 'அமர்ந்திருக்கும் வீட்டுத்தலைவர்' என்று இருந்ததால் அவரை உட்காரச் சொன்னார்கள். அவர் தொழிற்சாலைக் கழிவறையில் ஒளிந்து நின்று பேசிக்கொண்டிருந்தார். இருந்தாலும் உட்கார்ந்தார். லௌட்டனுக்காக உட்கார்ந்த அந்த மனிதன் நன்றாக இருக்கட்டும். உட்கார்ந்த நொடியில் படம் உறைந்துவிட்டது. வாய் திறந்தபடி, ஒரு கண் பாதி மூடியபடி அவர் அசையாமல் இருந்தார். இது வருகையா இல்லையா என்று முக்கால் மணி நேரம் விவாதம் நடந்தது. தலை இருக்கிறது, உயிர் இருக்கிறதா என்பதற்குச் சான்று இல்லை என்று ரேஷ்லால் முடித்து வைத்தான்.

சைத் மாதம் டில்லி சார் ஒரு பயிற்சி முகாம் நடத்தினார். சுற்றுப்பட்டுப் பட்கர்களுக்கு எப்படிப் பாரம்பரியமாக இருப்பது என்று சொல்லிக் கொடுக்க நகரத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். சுவரில் வெளிச்சம் அடித்துப் படம் காட்டினார்கள். படத்தில் ஒரு பட்கர் கட்டிலில் உட்கார்ந்து ஊரார் குறையைக் கேட்டுக்கொண்டிருந்தார். முப்பது வருடமாகக் கட்டிலில் உட்கார்ந்து குறை கேட்டு வந்த ஜோகன், அதைப் பார்த்து உட்காரப் பழகினார். முதுகு வளைகிறது என்று இரண்டு முறை திருத்தினார்கள். அன்றைக்குப் பிறகு அவருக்குக் குறை கேட்க உட்காருவது என்றாலே இடுப்பு வலித்தது.

முகாமுக்கு வந்த விருந்தாளிகளுக்காக ஊர் எல்லையில் மூங்கிலால் ஒரு வரவேற்பு வளைவு கட்டியிருந்தார்கள். பெரிய வளைவு. உள்ளே ஒரு யானை தலையைக் குனியாமல் வரலாம். லௌட்டன் வளைவைப் பார்த்தான், மூங்கிலின் கணுவைப் பார்த்தான், நேரே கரைக்கு ஓடினான். அங்கே எண்பது மூங்கில் கிடந்த இடத்தில் எறும்புகள் மட்டும் ஊர்ந்துகொண்டிருந்தன.

"என் மூங்கில் பட்கரே!"

"ஊர் மானம் லௌட்டா. வெளியூர் ஆளுங்க வர்றாங்க, சும்மாவா விடறது? எப்படி நிக்குது பாரு. ஊரே சேர்ந்து ரெண்டே நாள்ல கட்டினோம்."

"ஊரே சேர்ந்தா? படிவம்?"

"வளைவுக்கு எதுக்குப் படிவம்? அது வேலையா? வரவேற்பு," என்றார் ஜோகன். ஏமாற்றுகிற ஆளில்லை அவர். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார். லௌட்டனுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால் தேவலை என்று எனக்குத் தோன்றுகிறது.

ஜேட் மாதக் கடைசியில் பெயர்க்குழு பெயரைக் கண்டுபிடித்தது. ஏழு பேரும் ஏழு வார்த்தை சொல்ல, யார் மனமும் நோகக் கூடாது என்று ஏழையும் சேர்த்துவிட்டார்கள். 'சுயவிருப்ப சமூக ஒருங்கிணைந்த மரபுசார் பொதுநல உழைப்புப் பங்கேற்பு இயக்கம்.' எண்ணிப் பார்த்தால் எட்டு வரும். எட்டாவது டில்லி சார் அன்பாகச் சேர்த்தது. புதுப் பெயரைக் கூவிப் பார்ப்போம், யார் யார் சொந்த விருப்பத்தோடு வருகிறார்கள் என்று தெரியட்டும் என்று மாங்ரேயை அனுப்பினார்கள். மழைக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. வளைவைப் பிரித்தால் மூங்கில் இருக்கிறது. லௌட்டன் மண்வெட்டியைத் தீட்டி வைத்தான்.

மாங்ரேக்கு வயது அறுபது, மூச்சு குறைவு. முதல் வீட்டு வாசலில் முழுசாகக் கூவினான். நாலாவது வீட்டில் 'மரபுசார்' விட்டுப்போயிற்று. பத்தாவது வீட்டைத் தாண்டியதும் 'சமூக', 'பொதுநல' எல்லாம் உதிர்ந்து, இருமலுக்கு நடுவே 'இயக்கம், இயக்கம்' என்பது மட்டும் கேட்டது. ஊருக்குத் தெரிந்த இயக்கம் ஒன்றுதான்; வருடா வருடம் கால்நடை ஆஸ்பத்திரிக்காரர்கள் நடத்தும் பன்றித் தடுப்பூசி இயக்கம். விடிந்ததும் வீட்டுக்கு ஒருவர் மைதானத்துக்கு வந்து சேர்ந்தார்கள், பன்றிகளைப் பிடித்துக்கொண்டு. நூற்றுப் பத்துப் பன்றிகள் இருக்கும். அவற்றின் நடுவே மண்வெட்டியோடு லௌட்டன் நின்றான்.

ரேஷ்லால் படிவங்களை நீட்டினான். "ஊசிக்குக் கையெழுத்து எதுக்கு?" என்று கேட்டார்கள். விஷயம் தெரிந்ததும் ஒரு கிழவர், "பேகாரின்னு சொல்லித் தொலைய வேண்டியதுதானே! மண்வெட்டியோட வந்திருப்போமே!" என்று கத்தினார். டில்லி சார் சட்டென்று காதைப் பொத்திக்கொண்டார். அதற்குள் ஒரு பன்றி படிவக் கட்டில் பாதியைத் தின்றுவிட்டது. மீதிப் படிவத்தை வாங்கிக்கொள்ளலாம் என்றால், இது முறையாகக் கூட்டிய கூட்டமில்லை, ஊசிக்கு வந்த கூட்டம் என்றான் ரேஷ்லால். அவரவர் பன்றிகளை இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

அசார் பிறந்தது, மழையும் பிறந்தது. முதல் வாரத்தில் அறுபத்திரண்டு அடி நாற்பதாயிற்று. அடுத்த வாரம் பட்கர் வயலில் ஊரே நாற்று நட்டது. அது எப்போதும் உள்ள வழக்கம், பட்கர் மேல் உள்ள பிரியம். அதற்குப் படிவம் கேட்டால் மரியாதையில்லை. லௌட்டனும் போய் நட்டான். போகாமல் இருந்தால் நாளைக்கு எப்படிக் கேட்பது? நட்டுவிட்டு முழங்கால் சேற்றோடு ஜோகன் முன்னால் நின்றான். அப்போது இருபத்தாறு அடி.

"அவசரம்னு ஒரு பிரிவு இருக்குமே பட்கரே, புத்தகத்துல?"

இருந்தது. ரேஷ்லால் பத்தொன்பதாம் பக்கத்தைப் படித்தான். அவசர நிலையில் கோரம் வேண்டாம், பெயர்கூட வேண்டாம், பட்கர் உடனே ஆளைக் கூப்பிடலாம். லௌட்டன் வெகுநாள் கழித்துச் சிரித்தான்.

"பாதிக்கப்பட்ட வீட்டோட படம் ரெண்டு வேணும்," என்றான் ரேஷ்லால்.

வந்து படம் எடுத்தான். எடுத்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "வீடு நல்லாத்தானே இருக்கு சித்தப்பா. சுண்ணாம்பெல்லாம் அடிச்சு ஜோரா இருக்கு. இதைப் பாதிக்கப்பட்ட வீடுன்னு எப்படி அனுப்புறது?"

"பாதிக்கக் கூடாதுன்னுதானேடா கேக்கறேன்!"

"பாதிச்சாத்தான் அவசரம். பாதிக்கிறதுக்கு முன்னாடி அது திட்டமிட்ட பணி. திட்டமிட்ட பணின்னா கோரம் வேணும்."

சாவண் மாதம் ஒரு நடுப்பகலில் ஆறு வந்தது. ஆர்ப்பாட்டமில்லை. கரை ஒரு துண்டு சரியும், கொஞ்ச நேரம் சும்மா இருக்கும், இன்னொரு துண்டு சரியும். சுக்னி பாத்திரங்களையும் மீன் வலையையும் போர்வைகளையும் வெளியே எறிந்துகொண்டிருந்தாள். குதிர்களைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆள் உயர மண் குதிர்கள் ஐந்து, வீட்டுக்குள்ளேயே வனைந்து, வீட்டுக்கே சுவராக நின்றவை. சுக்னி கல்யாணமாகி வந்த வருடம் தன் கையால் வனைந்தவை. உள்ளே வருடம் முழுக்கத் தின்கிற நெல் இருந்தது. அவள் குதிர் ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள், வரமாட்டேன் என்றாள். லௌட்டன் அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான்.

அக்கம்பக்கத்தில் ஏழெட்டுப் பேர் கூப்பிடாமலே ஓடி வந்தார்கள். ஜோகனும் வந்தார். வந்தவர் குடையை வீசிவிட்டு, முதல் ஆளாக உத்தரத்துக்குத் தோள் கொடுத்தார். அவரைத் திட்டி எழுதிக்கொண்டிருக்கிற நான் இதையும் சொல்லத்தான் வேண்டும்: அந்தக் கணத்தில் அவர் பழைய ஜோகனாக இருந்தார், "தூக்குங்கடா, தூக்குங்க!" என்று போட்ட சத்தம் ஆற்றின் சத்தத்தை மீறிக் கேட்டது. கூட நாலு பேர் தோள் கொடுத்தார்கள். உத்தரம் அசைந்தது. அப்போது பின்னால் நனைந்துகொண்டு வந்த ரேஷ்லால், "மாமா, அட்டையை மாட்டிக்கிட்டு நீங்க இறங்கக் கூடாது. படிவம் இல்லாத வேலை. யாருக்காவது கை கால் போனா உங்க மேலதான் வழக்கு," என்றான். ஜோகன் அவனைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார். தோளை மெல்ல விலக்கிக்கொண்டார். அவர் விலகியதும் மற்றவர்களும் விலகினார்கள்.

உத்தரமும் குதிர்களும் வீடும் ஒன்றாகப் போயின. ரேஷ்லால் இரண்டு படம் எடுத்தான். இரண்டிலும் தண்ணீர்தான் விழுந்திருந்தது.

லௌட்டனும் சுக்னியும் ஒரு பங்காளியின் மாட்டுக் கொட்டகையில் ஒண்டினார்கள். பாதோ மாதம் கூட்டம் கூடியது. லௌட்டன் வழக்கம்போலப் பாயில் உட்காரப் போனான். "சித்தப்பா, அங்க போய் உக்காரு," என்று ரேஷ்லால் பந்தலுக்கு வெளியே மரத்தடியைக் காட்டினான். "இது வீட்டுத்தலைவருங்க கூட்டம். தலைவரா இருக்க வீடு வேணுமில்ல?"

பிறகு எண்ணினான். ஊரில் இப்போது நாற்பத்திரண்டு வீடுகள். மூன்றில் இரண்டு பங்கு சரியாக இருபத்தெட்டு, பின்னம்கூட இல்லை. வந்திருந்தவர்கள் இருபத்தெட்டு. ஆறு மாதமாக ஒரு ஆளுக்குத் தவித்த ஊருக்குக் கோரம் கிடைத்தது. ஜோகன் கண் கலங்கினார். டில்லி சார் எழுந்து நின்றே கை தட்டினார். லௌட்டனின் வீட்டை ஆற்றிலிருந்து காப்பாற்ற மூன்று நாள் பணி என்ற தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

"வீடு போயிருச்சே!" என்று மரத்தடியிலிருந்து லௌட்டன் சொன்னான்.

"அது நடைமுறைச் சிக்கல்," என்றார் டில்லி சார் கனிவாக. "தீர்மானம் என்பது தீர்மானம். மாவட்டத்திலேயே முழு விதிப்படி நிறைவேறிய முதல் தீர்மானம் இதுதான். இதை நாம் ஆற்றுக்காக விட்டுக்கொடுக்க முடியுமா?"

மூன்று நாளும் ஊரே வந்தது. எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். வளைவைப் பிரித்து மூங்கில் கூடு கட்டிக் கல் நிரப்பினார்கள். அருமையான வேலை, மாக் மாதத்தில் செய்திருந்தால் இருபது வருடம் நின்றிருக்கும். வீடு இருந்த இடத்துக்கு அறுபத்திரண்டு அடி முன்னால் கட்ட வேண்டும் என்று தீர்மானத்தில் இருந்ததால் அதை ஆற்றின் நடுவில் கட்டினார்கள். லௌட்டனும் மண்வெட்டியோடு போனான். சும்மா பார்த்துக்கொண்டிருக்க அவன் உடம்புக்குத் தெரியாது.

"வீட்டுக்கு ஒரு ஆளுதான். நீ எந்த வீடு?" என்று ரேஷ்லால் படிவத்தைப் புரட்டினான். படம் பிடிக்க டில்லி சார் கூட்டிவந்தவர் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார். லௌட்டன் தள்ளி நின்றான்.

புது வீடு கட்ட இடம் கேட்டான். பட்கர் அனுமதி வேண்டும். அனுமதி கேட்கிற விண்ணப்பத்தை வீட்டுத்தலைவர்தான் கொடுக்க முடியும். சரி, ஊரை விட்டே போகிறேன் என்றான். வருகிற மாகிக்கு வேறு ஊரில் சேர வேண்டுமானால் இந்த ஊர்ப் பட்கரின் கடிதம் வேண்டும். கடிதம் எழுதப் பதிவேட்டைப் பார்த்தார்கள், அதில் நாற்பத்திரண்டு வீடுகள்தான் இருந்தன. இல்லாத வீட்டுக்கு என்ன எழுதுவது? மனசு கேட்காமல் ஜோகன்தான் கொட்டகைக்கு வந்து ஒரு வழி சொன்னார்.

"டில்லி சார்கிட்ட அழுதேன் லௌட்டா. அவர் சொல்றாரு, சொந்த விருப்பத்துல பங்களிச்சவங்களுக்குச் சான்றிதழ் குடுக்கலாமாம். முத்திரையெல்லாம் உண்டு. அதுல உன் பேரு இருக்கும், ஊர் பேரு இருக்கும். எந்த ஊர்லயும் காட்டலாம். நீ உன் வீட்டை ஆத்துக்குச் சொந்த விருப்பத்துல குடுத்தேன்னு மட்டும் ஒரு கையெழுத்து."

"நான் குடுக்கலையே."

"தெரியும்டா. வேற எந்தப் படிவத்துலயும் உன் பேரை நுழைக்க எடமில்ல."

சுக்னி கத்தவில்லை. குதிர் போன நாளிலிருந்து அவள் நாக்கு அடங்கிவிட்டது. லௌட்டன் அவளைப் பார்த்தான், கட்டை விரலை மையில் அழுத்தினான்.

மாகியன்று இருவரும் மூட்டையோடு பர்சௌனா என்ற ஊருக்குப் போனார்கள். உள்ளே தள்ளியிருக்கிற சின்ன ஊர், புத்தகம் இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை. அங்கே பட்கர் மோல்ஹு, அடையாள அட்டையும் இல்லை, தலைப்பாகையும் இல்லை. பன்றிக்கறியும் டிக்ரியும் வைத்து முதலில் சாப்பிடச் சொன்னார், பிறகுதான் யார் என்று கேட்டார். லௌட்டன் சான்றிதழை நீட்டினான். மோல்ஹுவின் மருமகள் சத்தமாக வாசித்தாள்.

"தேங்னாபூர் லௌட்டன், யாருடைய கட்டாயமும் இல்லாமல், தன் சொந்த விருப்பத்தின் பேரில், தான் குடியிருந்த வீட்டை, ஐந்து குதிர் நெல்லோடு, ஆற்றுக்கு வழங்கியதைப் பாராட்டி..."

மோல்ஹு இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். ஊர்க்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கொஞ்சம் தள்ளிப் போய்ப் பேசினார்கள். பேசிவிட்டு மோல்ஹு மட்டும் வந்தார்.

"தப்பா எடுத்துக்காதே தம்பி. பார்த்தா நல்ல புள்ளயாத்தான் தெரியுது. ஆனா எங்க ஊர்லயும் ஒரு ஓடை ஓடுது. கொழந்த குட்டிங்க இருக்கற எடம்."

லௌட்டன் தலையாட்டினான். அவர் இடத்தில் இருந்திருந்தால் அவனும் சேர்த்துக்கொண்டிருக்கமாட்டான். வழிக்கு நாலு டிக்ரி கட்டிக் கொடுத்து, ஊர் எல்லை வரை மோல்ஹு கூடவே வந்தார். திரும்பப் போனவர் மனசு ஆறாமல் நின்றார்.

"அது சரி, குடியிருக்கற வீட்டை ஆத்துக்குத் தூக்கிக் குடுக்கறேன்னு நீ நின்னியே, வேண்டாம்டான்னு தடுக்க உங்க ஊர்ல ஆளே இல்லியா?"

லௌட்டன் மூட்டையைத் தோள் மாற்றிக்கொண்டான். வெளியூர்க்காரரிடம் தன் ஊரைப் பற்றித் தப்பாகச் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை.

"இருந்தாங்க, இருபத்தெட்டுப் பேரு," என்றான். "ஒரு ஆளுதான் கொறஞ்சுபோச்சு."